பல் வலி நின்றுவிட்டதா? கவனிக்க வேண்டிய நேரமே அதுதான்!

"அண்ணே, பல்லு வலி உயிர் போகுது. ஏதாவது மாத்திரை குடுங்க."

"இந்தாங்க தம்பி. காலையில ஒண்ணு, நைட்டு ஒண்ணு. மூணு நாளு போடுங்க, சரியாயிடும்."

காரைக்குடி என்றில்லை, தமிழ்நாட்டில் எந்த ஊர் மெடிக்கலிலும் காதில் விழக்கூடிய உரையாடல் இது. இதில் சிக்கல் என்னவென்றால், மூன்று நாளில் பல சமயம் வலி உண்மையிலேயே போய்விடுகிறது. அதன்பிறகு வேலை, பயணம், கல்யாணம் என்று வாழ்க்கை ஓடுகிறது. பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் அப்படியே மறந்துபோகிறது.

சில வருடங்கள் கழித்து வேறு எதற்காகவோ ஒரு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அதில் அந்தப் பல்லின் வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறது. அங்கே இருக்க வேண்டிய தாடை எலும்பைக் காணவில்லை. சிலருக்கு அந்த இடத்தில் திரவம் நிரம்பிய ஒரு பை உட்கார்ந்திருக்கும். இதுதான் பல் வேர் நீர்க்கட்டி. தாடையில் வரும் நீர்க்கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த வகைதான்.

அந்த எலும்பைத் தின்றது யார்? பாக்டீரியா என்றுதான் பலரும் நினைப்பார்கள். தூண்டிவிட்டது பாக்டீரியாதான். ஆனால் எலும்பைக் கரைத்த வேலையைச் செய்தது நம்முடைய சொந்த நோய் எதிர்ப்பு மண்டலம். காப்பாற்ற வந்த படையே ஏன் வீட்டை இடிக்கிறது?

வலி போனது எப்படி?

பல்லின் மேலே எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் மென்மையான பல்கூழ். நரம்பும் ரத்தக் குழாய்களும் இந்தக் கூழில்தான் இருக்கின்றன. வேரின் நுனியில் உள்ள ஊசிமுனை அளவுத் துளை வழியாகத்தான் அவை உள்ளே வருகின்றன.

சொத்தை ஆழமாகி பாக்டீரியா கூழை நெருங்கும்போது அங்கே அழற்சி தொடங்குகிறது. கையில் அடிபட்டால் தோல் விரிந்து வீங்க இடம் இருக்கிறது. பல்லுக்குள் அந்த வசதி இல்லை. சுற்றிலும் கெட்டியான சுவர். உள்ளே அழுத்தம் ஏறுகிறது. 'விண் விண்' என்று ராத்திரியெல்லாம் தெறிக்கும் வலி இப்படித்தான் வருகிறது.

இதைக் கவனிக்காமல் விட்டால் கூழ் செத்துப்போகும். அதோடு நரம்பும் சாகும். வலியும் நிற்கும். அலாரம் நின்றது தீ அணைந்ததால் அல்ல, ஒயர் எரிந்துபோனதால்.

சொத்தையே இல்லாமலும் இது நடக்கும். பள்ளிக்கூட நாளில் சைக்கிளிலிருந்து விழுந்திருப்பார்கள், அல்லது கிரிக்கெட் பந்து வாயில் பட்டிருக்கும். பல் உடைந்திருக்காது, ஆனால் வேர் நுனியில் ரத்த ஓட்டம் அறுந்திருக்கும். வருடங்கள் போகப் போக அந்த முன்பல் மட்டும் சாம்பல் நிறமாக மாறும். "கறுத்தா என்னப்பா, கடிக்க வருதுல்ல" என்று வீட்டில் ஆச்சி சொல்லிவிடுவார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். வேர் நீர்க்கட்டி அதிகம் தென்படும் இடமே மேல்தாடையின் முன்பகுதிதான்.

எலிகள் சொன்ன உண்மை

செத்த கூழ் மட்டும் எலும்பைக் கரைத்துவிடுமா? இந்தக் கேள்விக்கு 1965-ல் அமெரிக்காவில் ஒரு தெளிவான பதில் கிடைத்தது. ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஜெரால்டு என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு வகை எலிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வகை சாதாரண எலிகள். இன்னொரு வகை, கிருமியே இல்லாத சூழலில் பிறந்து வளர்ந்தவை. இரண்டுக்கும் பல்லில் துளையிட்டு, கூழ் வெளியே தெரியும்படி விட்டார்கள்.

சாதாரண எலிகளில் கூழ் அழுகி, வேர் நுனியில் சீழ் பிடித்தது. கிருமியில்லாத எலிகளில் உணவுத் துணுக்குகள் துளைக்குள் அடைந்திருந்தும் கூழ் உயிரோடு இருந்தது. காயத்தின்மேல் புதிய டென்டின் வளர்ந்து துளையை மூடவும் ஆரம்பித்தது.

1976-ல் ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் சுண்ட்க்விஸ்ட் மனிதப் பற்களில் இதையே உறுதிசெய்தார். அடிபட்டு கூழ் செத்திருந்தாலும் வெளியே உடையாமல் இருந்த பற்களை அவர் ஆராய்ந்தார். வேர் நுனியில் எலும்பு கரைந்திருந்த பற்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பாக்டீரியா இருந்தது. எலும்பு கரையாத பற்களில் இல்லை. அதாவது, கூழ் செத்தது மட்டும் காரணமல்ல. செத்த கூழில் கிருமி குடியேறுவதுதான் பிரச்சினையின் தொடக்கம்.

கோட்டைக்குள் எதிரி, வெளியே படை

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில் திருமயம் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் எதிரி புகுந்து கதவைச் சாத்திக்கொண்டதாக ஒரு கற்பனை செய்து பாருங்கள். அரசன் படையை அனுப்புகிறான். படையால் உள்ளே நுழைய முடியவில்லை. வாசலிலேயே கூடாரம் போடுகிறது. மாதங்கள், வருடங்கள் ஆகின்றன. எதிரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கோட்டையைச் சுற்றியிருந்த வயல்களெல்லாம் படையின் காலடியில் நாசமாகின்றன.

வேர் நுனியில் நடப்பது ஏறக்குறைய இதுதான். பாக்டீரியா வேர்க் குழாய்க்குள் இருக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் இல்லை. ரத்தத்தில் வரும் வெள்ளை அணுக்களால் உள்ளே போக முடியாது. ஆனால் பாக்டீரியாவின் நச்சுப் பொருள்கள் நுனித் துளை வழியாக வெளியே கசிந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கசிவை உடம்பு எப்படி மோப்பம் பிடிக்கிறது? பல வகை பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள் இருக்கிறது. நம் வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் 'டோல் ரிசெப்டர்' எனப்படும் உணர்விகள் இருக்கின்றன. அவற்றில் நான்காம் எண் கொண்டது இந்தப் பொருளை அடையாளம் காணும் வேலையைச் செய்கிறது. இதை 1998-ல் புரூஸ் பாய்ட்லரின் குழு கண்டறிந்தது. அதற்காக 2011-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

உணர்வி தூண்டப்பட்டதும் செல்லுக்குள் ஒரு சங்கிலித் தொடர் ஓடுகிறது. அதன் முடிவில் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற புரதங்கள் வெளியே கொட்டப்படுகின்றன. இவை செல்களுக்கு இடையே போகும் வாட்ஸ்அப் மெசேஜ் மாதிரி. "எதிரி வந்தாச்சு, எல்லாரும் வாங்க" என்பதுதான் செய்தி. அழைப்பைக் கேட்டு நியூட்ரோஃபில்கள் முதலில் ஓடிவரும். பிறகு மேக்ரோஃபேஜ்கள், டி செல்கள், பி செல்கள் என்று கூட்டம் சேரும்.

எலும்பு ஏன் கரைகிறது?

எலும்பு கெட்டியானது, ஆனால் சண்டை போடத் தெரியாதது. கிருமி எலும்பு மஜ்ஜைக்குள் பரவிவிட்டால் அது பெரிய ஆபத்து. அதனால் உடம்பு ஒரு முடிவு எடுக்கிறது. வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் ரத்தக் குழாய்களும் வெள்ளை அணுக்களும் நிறைந்த மென்திசுவை நிறுத்துகிறது. கிரானுலோமா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். பாதுகாப்புக்காக வெட்டும் அகழி மாதிரி.

அந்த அகழியை வெட்டுவது ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற எலும்புத்தின்னி செல்கள். அவற்றை உருவாக்கும் ஆணையின் பெயர் ரேங்க்-எல். அதைத் தடுக்கும் பிரேக்கின் பெயர் ஆஸ்டியோபுரோட்டெஜெரின். சாதாரண நாளில் இரண்டும் சமநிலையில் இருக்கும். பழைய எலும்பு கரையும், புதிய எலும்பு வளரும். அழற்சிப் புரதங்கள் கொட்டும்போது ரேங்க்-எல் பக்கம் தராசு சாய்ந்துவிடுகிறது. வயதானவர்களுக்கு எலும்புத் தேய்மானத்துக்காகப் போடப்படும் டெனோசுமேப் ஊசி தடுப்பதும் இதே ரேங்க்-எல்லைத்தான். ஒரு பல்லின் நுனியில் நடப்பது அவ்வளவு அடிப்படையான ஓர் இயக்கம்.

உடம்பிடம் நிறுத்து ஆணையும் இருக்கிறது. இன்டர்லூக்கின்-10, டிஜிஎஃப்-பீட்டா போன்றவை அழற்சியைத் தணிக்கும் செய்திகள். அதனால்தான் பல கிரானுலோமாக்கள் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கின்றன. வலி இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கோட்டைக்குள் எதிரி இருக்கும்வரை முற்றுகை முடியாது.

தூங்கிய செல்கள் விழித்தால்

கிரானுலோமா எப்படி நீர்க்கட்டியாகிறது? குழந்தைப் பருவத்தில் பல் வேர் உருவானபோது வேலை செய்த சில செல்கள், வேலை முடிந்தபிறகும் வேரைச் சுற்றிச் சின்னச் சின்னக் கூட்டமாகத் தங்கிவிடுகின்றன. 1885-ல் பிரெஞ்சு மருத்துவர் மலாசே இவற்றை விவரித்தார். அவர் பெயரிலேயே இவை இன்றும் அழைக்கப்படுகின்றன.

வாழ்நாள் முழுக்கத் தூங்கியே கழிக்கக்கூடிய செல்கள் இவை. பக்கத்தில் அழற்சி நடக்கும்போது அங்கே வெளியாகும் புரதங்களும் வளர்ச்சிக் காரணிகளும் இவற்றை எழுப்பிவிடுகின்றன. அவை பெருகத் தொடங்குகின்றன. கொத்து பெரிதானதும் நடுவில் உள்ள செல்களுக்கு ஊட்டம் கிடைக்காமல் அவை சாகின்றன. நடுவில் ஒரு குழி விழுகிறது. பெருகும் செல்கள் சீழ்க்குழியைச் சுற்றி உறைபோல வளர்ந்து மூடுகின்றன என்று இன்னொரு விளக்கமும் உண்டு. எப்படியானாலும் கடைசியில் ஒரு பை உருவாகிவிடுகிறது.

பைக்குள் செத்த செல்கள் சிதையச் சிதைய திரவத்தின் அடர்த்தி கூடுகிறது. உப்பில் ஊறும் மாங்காயிலிருந்து நீர் வெளியேறுவது எந்த விதியாலோ, அதே விதிப்படி சுற்றியுள்ள திசுவிலிருந்து நீர் பைக்குள் இழுக்கப்படுகிறது. பை மெல்ல விரிகிறது. பையின் உறையும் சும்மா இருப்பதில்லை. எலும்பைக் கரைக்கச் சொல்லும் செய்திகளை அதுவும் அனுப்புகிறது. நன்றாகப் பெரிதானால் தாடையில் புடைப்பு தெரியும், பக்கத்துப் பற்கள் நகரும். மேலே மிச்சமிருக்கும் எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிந்துவிடும்.

எக்ஸ்ரேயில் எவ்வளவு தெரியும்?

எலும்பின் தாதுப் பொருளில் 30 முதல் 50 சதவீதம் போனபிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் கறுப்பு தெரியும் என்பது பல் மருத்துவத்தின் பழைய பாடம். ஆக, எக்ஸ்ரேயில் தெரிகிறது என்றாலே கதை பாதி ஓடிவிட்டது என்று அர்த்தம்.

எக்ஸ்ரேயில் வட்டம் தெரிந்தவுடன் "நீர்க்கட்டி, ஆபரேஷன்தான்" என்று பதறவும் வேண்டாம். கிரானுலோமாவையும் நீர்க்கட்டியையும் எக்ஸ்ரேயில் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. சூரிச்சில் பணியாற்றிய பி.என்.ராமச்சந்திரன் நாயரின் குழு 1996-ல் 256 மாதிரிகளை மைக்ரோஸ்கோப்பில் முழுமையாக ஆராய்ந்தது. அவற்றில் 15 சதவீதம் மட்டுமே உண்மையில் நீர்க்கட்டிகள். பாதி கிரானுலோமா, 35 சதவீதம் சீழ்க்கட்டி.

நீர்க்கட்டிகளிலும் இரண்டு வகை இருப்பதை அந்தக் குழு வேறுபடுத்திக் காட்டியது. ஒரு வகையில் பையின் வாய், வேர்க் குழாயை நோக்கித் திறந்திருக்கும். குழாயைச் சுத்தம் செய்தால் இது ஆற வாய்ப்பு அதிகம். இன்னொன்று முழுக்க மூடிய தனிப் பை. இது வேர்ச் சிகிச்சைக்குப் பிறகும் நீடிக்கலாம். அப்போது சின்ன அறுவை சிகிச்சை தேவைப்படும். அப்படி எடுக்கும் திசுவைக் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மிக அரிதாக, வேறு வகைக் கட்டிகள் இதே தோற்றத்தில் ஒளிந்திருக்கலாம்.

மாத்திரையால் ஏன் முடியாது?

இப்போது மெடிக்கல் ஷாப் காட்சிக்குத் திரும்பலாம். ஆன்டிபயாட்டிக் மாத்திரை ரத்தம் வழியாகத்தான் பயணிக்கும். செத்த பல்லின் குழாய்க்குள் ரத்த ஓட்டமே இல்லை. வெள்ளை அணுக்கள் எங்கே நின்றுபோயினவோ, மாத்திரையும் அங்கேயே நின்றுபோகும். வெளியே பரவிய தொற்று கொஞ்சம் அடங்கும், முகவீக்கம் வடியும். மூல இடம் அப்படியே இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கக் கூடாது என்பது சட்டம். மூன்று நாள் போட்டு நிறுத்தும் பழக்கம் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கிறது என்பது கூடுதல் ஆபத்து. காய்ச்சல், பரவும் முகவீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால் கதை வேறு. அப்போது நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

உண்மையான தீர்வு கோட்டைக் கதவைத் திறப்பது. ரூட் கெனால் சிகிச்சை செய்வது அதைத்தான். குழாயைத் திறந்து, செத்த கூழை எடுத்து, கிருமிநாசினியால் கழுவி, இடைவெளியில்லாமல் அடைப்பது. எதிரி போனதும் அழைப்புச் செய்திகள் நிற்கின்றன. படை கலைகிறது. தராசு திரும்புகிறது. கரைந்த இடத்தில் எலும்பு மறுபடி வளர்கிறது. நம் உடம்பு இப்படி இடித்ததைத் தானே கட்டித்தரும் என்பதுதான் இந்தக் கதையின் நல்ல செய்தி. ஆனால் பொறுமை வேண்டும். ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்; முழுதாக ஆறாவிட்டால் நான்கு வருடம் வரைகூட கண்காணிக்கச் சொல்கிறார்கள் வல்லுநர்கள். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு ஆறுவது தாமதமாகும்.

பல்லைப் பிடுங்கினாலும் கிருமியின் வீடு போய்விடும். ஆனால் காப்பாற்றக்கூடிய பல்லும் சேர்ந்து போய்விடும். நீர்க்கட்டியைக் கவனிக்காமல் பல்லை மட்டும் பிடுங்கினால், பல் போன இடத்தில் கட்டி தனியாக நின்றுவிடுவதும் உண்டு.

பெயர் இருக்கிறது, வசதி?

செட்டிநாட்டின் பெயரோடு தொடர்புள்ள பல் மருத்துவக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் உண்டு. செட்டிநாட்டு அரச குடும்பத்து ராஜா முத்தையா செட்டியார் பெயரில் 1980-ல் தொடங்கியது சிதம்பரத்தில் இருக்கிறது; அது பின்னர் அரசின் கைக்கு வந்தது. செட்டிநாடு என்ற பெயரிலேயே உள்ள இன்னொன்று சென்னைக்குப் பக்கத்தில் கேளம்பாக்கத்தில் இருக்கிறது. காரைக்குடிக்காரருக்கு இரண்டுமே வெகு தூரம்.

இந்தப் பக்கத்துக்கு உண்மையான திருப்பம் 2023 நவம்பரில் வந்தது. புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசுக் கல்லூரிக்கும் சிதம்பரத்துக்கும் அடுத்து அரசிடம் உள்ள மூன்றாவது பல் மருத்துவக் கல்லூரி இது. காரைக்குடியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் ரூட் கெனால் ஒரே நாளில் முடியாமல் இரண்டு மூன்று தடவை வரச்சொல்வது சகஜம். தினக்கூலிக்குப் போகும் ஒருவருக்கு மூன்று நாள் பஸ் ஏறுவது என்றால் மூன்று நாள் சம்பளம் போச்சு. தனியார் கிளினிக்கில் ரூட் கெனாலும் கேப்பும் சேர்ந்தால் ஆயிரக்கணக்கில் ஆகும். பிடுங்குவதற்கு அவ்வளவு ஆகாது. அதனால் "புடுங்கிருங்க டாக்டர்" என்பது பல குடும்பங்களில் அறியாமையால் வரும் வார்த்தை அல்ல. கணக்குப் போட்டு வரும் வார்த்தை.

எனவே அரசு செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, தாலுகா அளவிலான அரசு மருத்துவமனைகளில் ரூட் கெனால் வழக்கமான சிகிச்சையாக வேண்டும், குறைந்தபட்சம் முன்பற்களுக்காவது. ஒரே வேர், ஒரே குழாய் என்பதால் அவற்றில் வேலை ஒப்பீட்டளவில் எளிது. இரண்டாவது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் நோயாளிகளின் வீட்டுக்கே பணியாளர்கள் போகிறார்கள். 30 வயது கடந்தவர்களுக்கு வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் அரசுத் திட்டங்களில் இருக்கிறது. வாயைத் திறந்து பார்க்கும் அதே நேரத்தில் கறுத்த பல், ஈறில் பரு, ஆழமான சொத்தை இருக்கிறதா என்றும் பார்த்துப் பரிந்துரைக்கலாம். ஒரு டார்ச் போதும். மூன்றாவது, பல் பிரிவுகளின் ஆண்டுக் கணக்கில் பிடுங்கிய பற்களோடு காப்பாற்றிய பற்களும் தனியாக எண்ணப்பட வேண்டும். எதை எண்ணுகிறோமோ அதுதான் நடக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் சார்ந்த நோய்கள் இருக்கின்றன. நிரந்தரப் பற்களில் சிகிச்சை பெறாத சொத்தை மட்டும் சுமார் 200 கோடிப் பேருக்கு. இத்தனை பேரைப் பாதிக்கும் ஒன்றை "சும்மா பல்லு வலிதானே" என்று ஒதுக்கிவைப்பது சரியான சுகாதாரக் கொள்கையாக இருக்க முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது அதைவிட எளிது. இன்றைக்குக் கண்ணாடி முன் நின்று பாருங்கள். ஒரு பல் மட்டும் நிறம் மாறியிருக்கிறதா? ஈறில் பரு மாதிரி வந்து வந்து போகிறதா? எப்போதோ உயிர் போகிற மாதிரி வலித்து, மாத்திரையில் நின்றுபோன பல் ஏதாவது உண்டா? இருந்தால், வலிக்காத இந்த நேரத்திலேயே போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அந்தப் பல் பேசுவதை நிறுத்தியிருக்கலாம். அதன் வேரில் முற்றுகை இன்னும் நடந்துகொண்டிருக்கலாம்.